லீவுக்கு ஒரு காரணம்

“சீல் இல்லாம ஒரு சீட்டு கிடைக்குமா மேடம்?”

2005-இல், குரோம்பேட்டையில் ஒரு மாடி அறையில் என்னிடம் இப்படிக் கேட்டவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். மெப்ஸ் வளாகத்துக்குள் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் செக்கர். தைத்து வருவதைப் புரட்டிப் பார்த்து, பிசிர் வெட்டி, பட்டனை இழுத்துப் பார்த்து அடுத்த மேசைக்குத் தள்ளுவது அவர் வேலை. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சேர்வதற்கு மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எழுதிய டாக்டர் விவரம் தெரிந்தவர். நுரையீரல் தொற்று என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். ஆனால் கையெழுத்துக்குக் கீழே ஊதா மையில் ஒரு சீல். அதில் தாம்பரம் சானடோரியம் என்று இருந்தது.

அந்த இரண்டு வார்த்தை போதும். நோயின் பெயரைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

நான் இருபத்திரண்டு வருஷம் எச்.ஐ.வி. கவுன்சிலராக இருந்தேன். ஆற்றுப்படுத்துநர் என்பது காகிதத்தில் எங்கள் பெயர். மேடம், சிஸ்டர், அக்கா என்பதெல்லாம் வந்தவர்கள் வைத்த பெயர். எழும்பூரில் சமூகப்பணி படித்துவிட்டு 1998-இல் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். பரிசோதனைக்கு முன் என்ன பேச வேண்டும், முடிவு வந்தபின் என்ன பேச வேண்டும், அழுகிறவரிடம் எத்தனை நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கணக்குப் பார்த்தால், பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் உள்ள வேலைக்காரர்களுக்கு லீவு எடுக்கக் காரணம் யோசித்துக் கொடுத்ததுதான் என் உத்தியோகத்தில் பாதி.

தாம்பரம் என்ற பெயருக்கு அந்தக் கனம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, டாக்டர் சவுரிமுத்து என்பவர் 1928-இல் காசநோய்க்காரர்களுக்காகத் தொடங்கியது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பக்கம் சானடோரியம் நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் அங்கே நோயாளியாகத் தங்கியிருக்கிறார். காற்றும் வெயிலும் ஓய்வும்தான் அந்தக் காலத்து மருந்து என்பதால் ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே இடம் பார்த்தார் சவுரிமுத்து. 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், இதே சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து செய்த வேலை அது. அடுத்த சில வருஷங்களில் நோயாளிகள் வரத் தொடங்கியபோது எடுத்துக்கொள்ளப் பல இடங்கள் தயங்கின. 1993-இலிருந்து தாம்பரம் எடுத்துக்கொண்டது. கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் தெய்வநாயகம், ஆங்கில மருந்து எட்டாத விலையில் இருந்த காலத்தில், ரசகந்தி மெழுகும் அமுக்கராச் சூரணமும் நெல்லிக்காய் லேகியமும் கொடுத்துப் பார்த்தார். அந்தச் சித்த மருந்து எவ்வளவு தூரம் வேலை செய்தது என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. திருப்பி அனுப்பாத ஓர் இடம் இருக்கிறது என்ற செய்தி பரவியது; அது மட்டும் எனக்குத் தெரியும். ஆந்திராவிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ராத்திரி வண்டி ஏறி வந்தார்கள். ஒரு மருத்துவமனை நல்ல காரியம் செய்து செய்தே அதன் பெயர் ஒரு நோயின் பெயராகிவிட்டது. ‘அவன் தாம்பரம் போயிட்டு வரான்’ என்றால் கேட்டவர் முகம் மாறும்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், மெப்ஸுக்கும் அதே ரயில் நிலையம்தான். 1984-இல் வந்த ஏற்றுமதி வளாகம் அது. காலை எலெக்ட்ரிக் ரயிலில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் இறங்கும். மடித்த மஞ்சள் பையோடு இன்னொரு கூட்டம் இறங்கும். இரண்டு கூட்டத்திலும் ஒரே ஆள் இருப்பதுண்டு. மாதத்தில் இருபத்தைந்து நாள் அட்டையோடு இறங்குவார். ஒரு நாள் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்குவார்.

சினிமாவில் இந்த விஷயத்தை நான் முதலில் பார்த்தது பயிற்சியில்தான், 1999-இல். வீடியோ கேசட்டில் ‘ஃபிலடெல்ஃபியா’ போட்டார்கள். 1993 டிசம்பரில் வந்த ஹாலிவுட் படம். ஜோனதன் டெம்மி இயக்கியது. பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் கெட்டிக்காரர் என்று பேரெடுத்தவர் டாம் ஹாங்க்ஸ். நெற்றியில் ஒரு கருந்தழும்பு வருகிறது. அது எய்ட்ஸோடு வரும் ஒருவகைப் புற்று என்று முதலாளிகளில் ஒருவர் அடையாளம் கண்டுவிடுகிறார். ஒரு முக்கியமான ஃபைல் காணாமல் போகிறது. வேலையில் அலட்சியம் என்று அனுப்பிவிடுகிறார்கள். டென்சல் வாஷிங்டன் அவருக்காக வாதாடுகிறார். ஹாங்க்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அமெரிக்காவில் ஜெஃப்ரி பவர்ஸ் என்ற வழக்கறிஞர் இதேபோல வேலையிழந்து புகார் கொடுத்து, 1987-இல் இறந்துபோனார். அவருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது 1993 டிசம்பரில், படம் வெளியான அதே மாதம். தங்கள் பிள்ளையின் கதை இது என்று குடும்பத்தார் படக்காரர்கள்மேல் வழக்குப் போட்டு, பிறகு சமரசமானது.

பயிற்சியில் எல்லோரும் நீதிமன்றக் காட்சிகளைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பிடிபட்டது வேறு. ஹாங்க்ஸ் முதன்முதலில் டென்சலின் அலுவலகத்துக்கு வந்து கை குலுக்குகிறார். எனக்கு எய்ட்ஸ் என்கிறார். அதற்குப்பின் டென்சல் காதால் கேட்பதை நிறுத்திவிட்டுக் கண்ணால் கேட்கிறார்: இந்த ஆள் எதைத் தொடுகிறான்? மேசைமேல் இருக்கும் பொருள்களின் பக்கம் அந்தக் கை போகிறதா? அவன் போனதும் நேராக டாக்டரிடம் ஓடுகிறார். அந்தப் பார்வை நான் தினமும் கேட்ட கதைகளில் இருந்தது. நம் ஊர்க் கம்பெனிகளில் அது டீ டம்ளரில் வரும். பதினோரு மணி டீ எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில். ஒருவருக்கு மட்டும் பேப்பர் கப். கொண்டுவரும் பையனிடம் கேட்டால், ‘அண்ணே, டம்ளர் பத்தல’ என்பான். அடுத்த நாளும் பத்தாது. “பேப்பர் கப் வந்துடுச்சு மேடம்” என்று யாராவது சொன்னால், இன்னும் பதினைந்து நாளில் வேலை போகும் என்று நான் குறித்துக்கொள்வேன். பெரும்பாலும் தப்பியதில்லை.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும்.

2001. பல்லாவரம் பக்கம் ஒரு லேத் பட்டறை. அங்கே வேலை செய்த ஒருவர் காசநோய் மாத்திரை வாங்க மூன்று வாரமாக வரவில்லை. நடுவில் விட்டால் மருந்து கேட்காமல் போய்விடும். அப்போது அவரைக் காப்பாற்ற வேறு மருந்தும் கிடையாது. நான் இளரத்தம். அலுவலக வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கே போனேன். வண்டியின் இரண்டு பக்கமும் எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று எழுதியிருக்கும். என் சேலையில் சிவப்பு ரிப்பன் குத்தியிருந்தது. அதைக் குத்திக்கொள்வதில் எனக்கு அப்போது பெருமை. வாசலில் இருந்தவரிடம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். கையில் கிரீஸோடு வந்தவர், வண்டியைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வரேன் மேடம், நாளைக்கு வரேன்” என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஒரு கேஸை மீட்டுவிட்ட திருப்தியோடு திரும்பினேன்.

அடுத்த வாரம் பேப்பர் கப். அதற்கடுத்த வாரம் முதலாளி, ஆர்டர் குறைவு, சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவேயில்லை. வீட்டுக்காரர் ஓட்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னார், பட்டறையில் வேலை செய்தவர்களில் இரண்டு பேர் அதே தெரு.

ஒரு மாதம் கழித்து அவர் என்னைப் பார்க்க வந்தார். கத்தித் தீர்ப்பார் என்று நினைத்தேன். எதிரே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “வண்டியை ரெண்டு தெரு தள்ளி நிறுத்தியிருக்கலாம் மேடம்.”

2002-இல் இறந்துபோனார். அரசாங்கத்தின் இலவச எச்.ஐ.வி. மருந்து, ஏ.ஆர்.டி., வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

அன்றிலிருந்து நான் ரிப்பன் குத்துவதில்லை, டிசம்பர் ஒன்றாம் தேதி எய்ட்ஸ் தின மேடை தவிர. விசிட்டிங் கார்டில் பெயரும் போன் நம்பரும் மட்டும். யார் வீட்டுக்குப் போனாலும் பஸ்ஸில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, தூரத்து உறவு மாதிரி. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாள் பாடமாக இதைத்தான் சொல்வேன். யாருடைய கதை என்று சொல்லமாட்டேன்.

அந்த வருஷங்களில்தான் சுவரெல்லாம் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டிருந்தார்கள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். யார் இந்த ராஜா என்று தமிழ்நாடே பேசியது. வாய் திறக்காத விஷயத்தை டீக்கடைக்குக் கொண்டுவந்த கெட்டிக்கார விளம்பரம், மறுப்பில்லை. ஆனால் பட்டறையிலும் பேக்கிங் செக்‌ஷனிலும் கொஞ்சம் மெலிந்தவனுக்கெல்லாம் புள்ளி ராஜா என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர் விழுந்ததால் வேலைக்குப் போகாமல் நின்றவர்கள் இருவரை எனக்குத் தெரியும். அதில் ஒருவருக்கு நோயே கிடையாது, சர்க்கரை.

2004-இல் இரண்டு விஷயம் நடந்தது. ஏப்ரல் 1 முதல் அரசாங்கம் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. நாட்டில் முதலில் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. ஆகஸ்டில் ‘ஃபிர் மிலேங்கே’ வந்தது. இந்திப் படம்தான், ஆனால் எடுத்தது நம் ரேவதி. ஷில்பா ஷெட்டி விளம்பரக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். தங்கைக்காக ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் எச்.ஐ.வி. என்று தெரிகிறது. கம்பெனி வெளியே தள்ளுகிறது. அபிஷேக் பச்சன் வழக்கறிஞர். ‘ஃபிலடெல்ஃபியா’வின் நிழல் அதில் விழுந்திருக்கிறது. ஆனாலும் சல்மான் கானையும் வைத்துக்கொண்டு, குத்துப்பாட்டை நம்பாமல், ஒரு பெண்ணின் பக்கம் நின்று அந்தக் கதையைச் சொல்ல அன்றைக்குத் துணிச்சல் வேண்டும். தமிழில் அதை யாரும் எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் குறைதான்.

பர்மா பஜாரில் வி.சி.டி. வாங்கி வந்து எங்கள் மாதக் கூட்டத்தில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, முப்பது பேர், முக்கால்வாசிப் பெண்கள். தி.நகர் இந்திப் பிரசார சபாவில் நான் எழுதிய பரீட்சைகளுக்கு அன்றுதான் பலன் கிடைத்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, நடந்ததைத் தமிழில் சொல்வேன். “மண்வாசனை ரேவதியா எடுத்தது?” என்று ஓர் அம்மா நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

ரத்தம் கொடுக்கப் போய்த் தெரியவரும் காட்சியில் ஒரு பெண் சொன்னாள்: “இவளுக்கு ரத்தம் குடுக்கப் போய்த் தெரிஞ்சுது. எனக்குப் புள்ள உண்டானப்ப தெரிஞ்சுது.” நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். நம் ஊரில் பெண்களுக்குத் தெரியவருகிற வழி பெரும்பாலும் அதுதான்: கர்ப்பகாலப் பரிசோதனை. பிறகு புருஷனைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

வேலையை விட்டு அனுப்பும் காட்சியைத் தாண்டி நிறுத்தினேன். கம்பெனி, நோய் என்று சொல்லவில்லை, திறமை போதாது என்று சொல்கிறது. அது பொய் என்று நிரூபிக்கத்தான் இனி வழக்கு என்று விளக்கினேன். பெருங்களத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து, ஒருநாள் காலை கேட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் பின்வரிசையில் இருந்தார். “லெட்டர் குடுத்தா அனுப்பினாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “எனக்கு ஒரு லெட்டர் குடுத்திருந்தா ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மீதிப் படத்தை விளக்கிக்கொண்டே போனேன், ஆனால் மனசு அந்த வாக்கியத்தில் நின்றுவிட்டது. ‘ஃபிலடெல்ஃபியா’ ஆகட்டும், இதுவாகட்டும், கதை தொடங்கவே ஒரு வேலை நியமன ஆணை வேண்டும். வேலை இருந்தது என்பதற்குச் சாட்சி இருந்தால்தான் பறித்தார்கள் என்று வழக்கு. எங்களிடம் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் காண்டிராக்டர்கீழ், மேஸ்திரிகீழ், வாய்ச்சொல்லில் வேலை செய்தவர்கள். அவர்களை யாரும் நீக்கவில்லை. ‘நாளைக்கு வர வேணாம்’ என்றார்கள், அவ்வளவுதான். இன்னும் பாதிப் பேரை யாரும் அதைக்கூடச் சொல்லவில்லை. பேப்பர் கப்பைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே நின்றுகொண்டார்கள். தானாக நின்றவனுக்கு எந்தக் கோர்ட் என்ன செய்யும்?

2007-இல் தமிழில் ‘மிருகம்’ வந்தது. சாமி இயக்கியது, ஆதியும் பத்மப்ரியாவும். முரட்டுக் கிராமத்தான், போகாத இடம் போய், நோய் வாங்கி, எலும்பாகிச் சாகிறான். நடிப்பைக் குறை சொல்லமாட்டேன். படம் பார்த்துவிட்டு வந்த ஒருவர், “நான் அந்த மாதிரி இல்ல மேடம், நான் ஆக்டிங் டிரைவர், ஒரே ஒரு தடவைதான்” என்று என்னிடம் நிரூபிக்க முயன்றார். அதோடு அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

மருந்து வந்ததும் ஆள்கள் பிழைத்தார்கள். படுக்கையில் வந்தவர்கள் மூன்று மாதத்தில் சைக்கிளில் வந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும். பிழைத்தவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், அங்கேதான் எங்கள் அடுத்த பாடு ஆரம்பித்தது. நம் நோயாளிகளுக்கு டாம் ஹாங்க்ஸின் நெற்றித் தழும்பு அபூர்வம். இங்கே காட்டிக்கொடுத்தவை வேறு: இருமல், அக்கி, கைகாலில் கறுப்புப் பருக்கள். அதெல்லாம் மருந்தில் போயிற்று. பிறகு மருந்தே காட்டிக்கொடுத்தது. அன்றைக்குப் பலருக்கும் கொடுத்த ஸ்டாவுடின், வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிடும். எடை கூடியிருக்கும், தெம்பு இருக்கும், முகம் மட்டும் ஒட்டிப்போயிருக்கும். ஸிடோவுடின் சாப்பிட்டவர்களுக்கு நகம் கறுக்கும். ஒரு பெண் வருஷம் முழுவதும் பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டாள். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுக் கேட்டு அவள் செக்‌ஷனில் அலுத்துப்போனார்கள். ஸ்டாவுடினைப் பிறகு படிப்படியாக நிறுத்திவிட்டார்கள், நல்ல காரியம்.

மாத்திரை டப்பா குலுங்கினால் சத்தம் கேட்கும், அதனால் உள்ளே பஞ்சு அடைக்கச் சொல்வோம். லேபிளைக் கிழித்து வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்போம். காலை எட்டு, இரவு எட்டு என்று பன்னிரண்டு மணி நேரக் கணக்கு. நைட் ஷிப்ட்டில் எட்டு மணி என்பது சரியாக லைன் ஓடும் நேரம். பாத்ரூம் போவதுபோல் போய் எச்சிலிலேயே விழுங்கிப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி மாதம் ஒரு நாள். மாத்திரை வாங்க ஆள் நேரில் வர வேண்டும். பச்சைப் புத்தகத்தில் தேதி போடுவார்கள். வரிசை, எடை, கவுன்சிலிங், மருந்து என்று ஒரு பகல் போகும். தினக்கூலிக்காரருக்குக் கூலி போகும். மாதச் சம்பளக்காரருக்கு, ‘மாசாமாசம் எங்கய்யா போற?’ என்று சூப்பர்வைசர் கேட்பார். ஈ.எஸ்.ஐ. இருந்தும், சீட்டு கம்பெனிக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் அங்கே போகமாட்டார்கள். அதனால்தான் காரணங்கள் தேவைப்பட்டன. ஒரு நல்ல காரணத்துக்கு என்ன லட்சணம் என்று இருபது வருஷத்தில் எனக்குத் தெளிவாகிவிட்டது. மாதாமாதம் வரக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே தடவையில் செத்துப்போகிற பாட்டி உதவாது. செலவு வைப்பதாக இருக்கக் கூடாது, கம்பெனியில் வசூல் பண்ணிக் கொடுத்துவிடுவார்கள். முக்கியமாக, யாரும் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிடாத சங்கதியாக இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, ஊர்க் கூட்டுறவு வங்கியில் தவணை, பிள்ளைக்குக் கண் டாக்டர் என்று ஆளுக்கு ஏற்றதைப் பொருத்துவோம். சானடோரியத்தில் 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறந்தது எங்களுக்குப் பெரிய வரம். அதே நிலையத்தில் இறங்குவதற்கு, ‘மூட்டு வலிக்குச் சித்தா பார்க்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். திறந்துவைத்த பெரியவர்கள் யாரும் இந்த உபயோகத்தை நினைத்திருக்கமாட்டார்கள்.

பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதா கவுன்சிலர் வேலை என்று ஒரு பயிற்சிக் கூட்டத்தில் ஒருவர் கோபமாகக் கேட்டார். வெளிப்படையாகச் சொல்லும் தைரியத்தை அல்லவா கொடுக்க வேண்டும்? தைரியம் கொடுக்கலாம், வாடகை யார் கொடுப்பது என்று நான் கேட்டேன். வெளியே வந்து முகம் காட்டிப் பேசியவர்களை நான் கும்பிடுகிறேன். பாசிட்டிவ் பெண்களின் அமைப்பைச் சென்னையில் 1998-இல் தொடங்கிய கௌசல்யா போன்றவர்கள் பேசியதால்தான் மற்றவர்களுக்கு மருந்து வந்தது. ஆனால் எல்லோரையும் அந்த மேடைக்கு இழுப்பது கொடுமை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1997-இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் ஒரு தொழிலாளி ஜெயித்தார். பொதுத்துறை நிறுவனத்தில் தினக்கூலி, எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை செய்ய உடம்பில் தெம்பு இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை என்றால் நோயை மட்டும் காட்டி வேலை மறுக்க முடியாது என்றது கோர்ட். எனக்கு அதில் பிடித்தது, அவர் பெயர் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது என்பது. வழக்கில் அவர் எம்.எக்ஸ்.; நிறுவனம் இஸட்.ஒய். டாம் ஹாங்க்ஸ் கோர்ட்டில் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்ட வேண்டியிருந்தது. நம் எம்.எக்ஸ். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்தத் தீர்ப்பின் ஜெராக்ஸைப் பல வருஷம் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டும் சந்தர்ப்பம் மூன்று முறைதான் வந்தது. ஒரு முறை பலித்தது.

பிறகு 2017-இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறை. நோயைக் காட்டி வேலை கொடுக்க மறுப்பதற்கும் வேலையிலிருந்து நீக்குவதற்கும் தடை. ஒருவரால் மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து பெரிதென்றோ, அவரால் வேலை செய்ய முடியாதென்றோ முதலாளி சொன்னால் போதாது. சம்பந்தமில்லாத மருத்துவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது. வழக்கில் பெயரை மறைத்துக்கொள்ளலாம். நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். மருத்துவமனை என்றால் இருபது பேர் இருந்தாலே.

இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி கம்பெனியாகப் போனேன். மறைமலை நகர், மெப்ஸ், பழைய மகாபலிபுரம் சாலை. ஏ.சி. அறையில் உட்கார வைத்து காபி கொடுப்பார்கள். ஒரு இடத்தில் ஹெச்.ஆர். மேலாளர், இளம் பிள்ளை, மரியாதையாகச் சொன்னார்: “எங்க கம்பெனில அப்படி யாரும் இல்ல மேடம்.” நான் தலையாட்டிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் முன்னால் அந்த அறைக்குப் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வயரைச் செருகிவிட்டுப் போனவர், என்னிடம் ஆறு வருஷமாக வருபவர். எனக்கு வணக்கம் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நாங்கள் பேசி வைத்தபடி.

செக்கருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பம்மலில் எனக்குத் தெரிந்த வயதான டாக்டர் ஒருவரிடம் அழைத்துப்போனேன். அவர் ஆஸ்பத்திரித் தாள்களை முழுக்கப் படித்தார். எக்ஸ்-ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு தன் லெட்டர் பேடில், நுரையீரல் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றிருக்கிறார், நானும் பரிசோதித்தேன், வேலை செய்யத் தகுதியாக இருக்கிறார் என்று எழுதி, தன் சீலை வைத்தார். ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஐம்பது ரூபாய் ஃபீஸ் வாங்கிக்கொண்டார். எல்லோரிடமும் வாங்குவது அதுதான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் செக்கர் மறுபடி உடைந்திருப்பார்.

திங்கட்கிழமை அவர் வேலையில் சேர்ந்தார். மாதாமாதம் மூட்டு வலிக்குச் சித்தா பார்த்தார். அங்கேயே சூப்பர்வைசர் ஆனார். கோவிட் சமயத்தில் இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துத் தர ஆரம்பித்தார்கள். இப்போது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, ராத்திரி படுக்கும் முன் வீட்டிலேயே. மூட்டு வலி குறைந்துவிட்டதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார். நான் 2020-இல் வேலையை விட்டு, சேலையூரில் பேரனோடு இருக்கிறேன். இந்தக் கட்டுரைக்கு அவரிடம் அனுமதி கேட்டேன். செக்கர் என்று போட்டுக்கொள்ளுங்கள், ஊரில் செக்கர் ஆயிரம் பேர் என்றார்.

உங்களிடம் ஒரு வேலை. உங்கள் கம்பெனியில் நூறு பேருக்கு மேல் இருந்தால், அடுத்த திங்கட்கிழமை ஹெச்.ஆரிடம் போய், எச்.ஐ.வி. சட்டப்படி இங்கே புகார் அலுவலர் யார் என்று கேளுங்கள். பெயரை நோட்டீஸ் போர்டில் போடச் சொல்லுங்கள். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். பத்திரிகையில் படித்தேன் என்று சொல்லிவிடுங்கள்.